சலுகை யாருடையது?

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒருநாள், அஸறுத் தொழுகைக்குப் பின் காக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் முற்றத்து வேம்பின் கீழ்ச் சக்கர நாற்காலியில் இருந்தபடி பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நமது துறைமுகங்களைத் தொட்டுச் சென்ற 'எம்ப்றஸ்' என்னும் உல்லாசக் கப்பலின் படம் அதில் பெரிதாக வந்திருந்தது.

"தம்பி, இப்பிடி ஒரு கப்பல்ல ஏறி நாகூர்ப் பக்கம் ஒருக்காப் போய் வரலாமா?" என்று கேட்டார்.

ஒரு கணமும் யோசியாமல் நான் சொன்னேன்: "உங்களுக்கு என்னத்துக்கு காக்கா இந்தக் கஷ்டம்?"

அவர் பத்திரிகையை மடித்து மடியில் வைத்தார். "கஷ்டம் எனக்கெண்டா, அத நான்தானே செல்லணும்?" என்றார். பிறகு நெல் விலை பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

நான் அன்பினால்தான் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் என்னால் சத்தியம் செய்ய முடியும். ஆயினும் அவருடைய பதில் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. முப்பது வருடங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவன் நான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறொரு கேள்வியைத் திருப்பிப் போட்டுத் தப்புகிற மாணவனை உடனே கண்டுபிடித்துவிடுவேன். காக்கா கேட்டது 'ஏறலாமா?' என்று. அதற்கு 'ஏறலாம்', 'ஏறமுடியாது', 'விசாரித்துச் சொல்கிறேன்' என்ற மூன்றில் ஒன்றே பதிலாகும். நான் சொன்னது இவற்றில் எதுவுமல்ல.

காக்கா கரைவலைத் தோணியில் வளர்ந்தவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது, நடக்கமாட்டாத எங்கள் உம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். உம்மா தப்பினார். பின்னால் இடிந்த மதில் காக்காவின் முள்ளந்தண்டின் மேல் விழுந்தது. இலங்கையிலே அதிக உயிர்களைச் சுனாமிக்குப் பறிகொடுத்த மாவட்டம் எங்கள் அம்பாறை மாவட்டம்; உயிர் தப்பி உடல் ஊனமுற்றோர் கதை அந்தக் கணக்கின் நிழலில் மறைந்துபோயிற்று.

நாகூர் ஆசைக்கும் ஒரு கதை உண்டு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்துக்குச் சிறு வயதில் வாப்பா எங்களைக் கூட்டிச் செல்வார். இந்தக் கடலுக்கு அப்பால்தான் நாகூர் என்று கையை நீட்டிக் காட்டுவார். கொடியேற்றம் பற்றிய மார்க்கக் கருத்து வேறுபாடுகளை வாசகர்கள் அறிவர். அந்த விவாதத்தை இங்கே திறப்பது என் நோக்கமன்று. காக்காவின் ஆசையில் பாதி நாகூர், பாதி கடல். வாப்பா கைநீட்டிக் காட்டிய திசையில் கடல்வழியே ஒருமுறை போகவேண்டும், அவ்வளவுதான்.

*

அதன் பிறகு நான் விசாரிக்கத் தொடங்கினேன். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் கப்பலேறினால் அவருக்கு என்னென்ன எதிர்ப்படும்?

முதலாவது, ஏறும் பலகை. கப்பலையும் கரையையும் இணைக்கும் அந்தப் பாலம் கடல்மட்டம் ஏறி இறங்கும்போது சரிவு மாறும். காலையில் ஏறக்கூடியதாக இருந்த சரிவு மாலையில் ஏறமுடியாததாகிவிடலாம். ஐரோப்பியத் துறைமுகங்கள் சிலவற்றில் இது பெரும் பிரச்சினை. நமது கரைகளிலோ வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. இந்த விடயத்தில் அல்லாஹ் நமக்கு இலேசாக்கித் தந்திருக்கிறான். நாம்தான் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டாவது, சிறு படகு. பெருங்கப்பல் நுழைய முடியாத ஊர்களில் நங்கூரத்தைக் கடலிலே போட்டுவிட்டுப் பயணிகளைச் சிறு படகில் கரைக்குக் கொண்டு செல்வார்கள். ஆடும் கப்பலிலிருந்து ஆடும் படகுக்குச் சக்கர நாற்காலி மாறுவது எளிதன்று. கட்டணத்தை முழுதாகக் கட்டியவர், மற்றவர்கள் ஊர் பார்த்துத் திரும்பும் வரை மேல்தளத்தில் காத்திருக்க நேரிடுவதுண்டு.

மூன்றாவதுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. அது கதவடி. கப்பலின் கதவுகள் வீட்டுக் கதவுகள் போன்றவையல்ல. தளத்தில் புரளும் நீர் உள்ளே புகாதபடி நிலைப்படியை உயர்த்திக் கட்டுவார்கள். 1966ஆம் ஆண்டின் சர்வதேசச் சுமைக்கோட்டு உடன்படிக்கை சில கதவுகளுக்கு அந்த உயரம் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது என்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் உயரம். நடப்பவருக்கு ஒரு எட்டு. சக்கரத்துக்கு அது சுவர்.

இந்தக் கதவடியை எவரும் இயலாமையுடையோரைத் தடுக்கவென்று கட்டவில்லை. அது உயிர்காக்கும் ஏற்பாடு. வீம்புக்கு அதை உடைக்கச் சொல்ல முடியாது. ஆனால் கப்பலின் குளியலறை வாசலிலும் உணவுச்சாலை வாசலிலும் அதே மேடு ஏன்? அங்கே எந்தக் கடலலை வந்து புகுகிறது? தேவைக்காக உயர்ந்த படியும் பழக்கத்தால் உயர்ந்த படியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டையும் பிரித்தறிவதில்தான் நியாயம் தொடங்குகிறது.

*

இப்பிரித்தறிதலை ஒரு நீதிமன்றம் செய்து பார்த்திருக்கிறது. 'ஸ்பெக்டர் எதிர் நோர்வீஜியன் குறூஸ் லைன்' என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005 ஜூன் 6ஆம் திகதி தீர்ப்பளித்தது. இயலாமையுடைய சில பயணிகளும் அவர்களது துணைவர்களும் ஹூஸ்டனிலிருந்து கப்பலேறியவர்கள். கப்பல்களில் பறந்தது பஹாமாஸ் கொடி. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பலுக்கு, இயலாமையுடையோர் தொடர்பான அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்துமா என்பதே கேள்வி.

முறைப்பாட்டிலிருந்த குற்றச்சாட்டுகளை வாசித்தபோது எனக்கு உறைத்தது. இயலாமையுடையோரிடம் கூடுதல் கட்டணம் அறவிடுவது, துணையில்லாமல் வரக்கூடாது என்பது, அவசர வெளியேற்றத்துக்கான சாதனங்களை அவர்கள் சென்றடைய முடியாத இடங்களில் வைத்திருப்பது என்று நீளும் அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. ஏனைய பயணிகளின் 'சௌகரியத்துக்கு' இடைஞ்சலாகத் தெரிந்தால், இயலாமையுடையவரைக் கப்பலிலிருந்து இறக்கிவிடும் உரிமையைக் கம்பெனி தன்னிடம் வைத்திருந்ததாம். அதாவது, உயிராபத்து என்ற நிலைகூடத் தேவையில்லை. பக்கத்து மேசைக்காரரின் முகம் சுளித்தால் போதும்.

அமெரிக்கக் கடற்பரப்புக்குள் வரும் வெளிநாட்டுக் கப்பலையும் அந்தச் சட்டம் பொதுவில் கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் கூறியது. அதேவேளை, ஒரு தடையை நீக்குவது சர்வதேசப் பாதுகாப்பு உடன்படிக்கைகளோடு முரண்படுமானால், அல்லது மற்றவர்களின் பாதுகாப்புக்குப் பாரிய ஆபத்தாகுமானால் அதை நீக்கும்படி சட்டம் கேட்காது என்றும் விளக்கியது. மெய்யான கதவடி இருக்கட்டும், பொய்யான கதவடி போகட்டும் என்பதுதான் அத்தீர்ப்பிலிருந்து நான் எடுத்துக்கொண்ட சாரம்.

ஐரோப்பிய ஒன்றியம் வேறொரு வழியில் சென்றது. அதன் 1177/2010 இலக்கக் கடற்பயணிகள் ஒழுங்குவிதி 2012 டிசம்பர் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. இயலாமையைக் காரணம் காட்டிப் பயணச்சீட்டை மறுக்கலாகாது. பாதுகாப்பு விதியோ, கப்பலின் அல்லது துறைமுகத்தின் அமைப்போ உண்மையிலேயே இடம்தராவிட்டால் மட்டும் மறுக்கலாம். அப்படி மறுத்தால், பயணி கேட்கும் பட்சத்தில், காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதில் ஓர் ஆழ்ந்த ஞானம் இருப்பதாக எனக்குப் படுகிறது. 'உங்களுக்கு என்னத்துக்கு இந்தக் கஷ்டம்?' என்பதை வாயால் சொல்வது சுலபம். அதையே கடதாசியில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கச் சொன்னால் நம்மில் எத்தனை பேருக்குப் பேனை ஓடும்?

*

'உங்கள் பாதுகாப்புக்காகத்தான்' என்ற வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. கப்பலில் தீப்பற்றினால் மின்தூக்கிகளைப் பயன்படுத்த முடியாது. பத்தாம் தளத்திலிருக்கும் சக்கர நாற்காலியைப் படிவழியே யார் இறக்குவது? இது நேர்மையான கேள்வி. வெளியேற்றத்துக்கென்றே செய்யப்பட்ட இறக்கும் கதிரை, முன்கூட்டியே பெயர் குறித்து நியமிக்கப்பட்ட மாலுமிகள், பயணம் தொடங்கும்போதே ஓர் ஒத்திகை என்று நேர்மையான பதிலும் அதற்கு உண்டு. பதில் இருக்கும்போது கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வது பாதுகாப்பாகாது, சாட்டாகவே முடியும்.

2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கொஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதிச் சரிந்தது நினைவிருக்கும். 4,200க்கும் மேற்பட்டோர் இருந்த அக்கப்பலில் 32 பேர் இறந்தனர். கப்பல் 20 பாகை சரிந்திருந்தாலும் உயிர்காப்புப் படகுகளை இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதற்கு மேல் சரிந்தபோது நடைபாதை சுவரானது, சுவர் தரையானது. திடகாத்திரமானவர்களும் கைகளால் தவழ்ந்தே வெளியேறினார்கள். கடல் தன் வேலையைக் காட்டத் தொடங்கினால் நாம் எல்லோருமே நடக்கமாட்டாதவர்கள்தாம். சுனாமியைக் கண்ட எங்கள் கரைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆகவே, தவழ்பவரும் தப்பும்படி கட்டப்பட்ட கப்பலே ஓடுபவருக்கும் பாதுகாப்பான கப்பல்.

*

இனி எனக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். மார்க்கம் நோயாளிக்கும் ஊனமுற்றோருக்கும் பல சலுகைகளை வழங்கியிருக்கிறது. றுக்ஸத் என்கிறோம். நின்று தொழ இயலாதவர் இருந்து தொழலாம். சக்தி பெற்றவருக்கே ஹஜ் கடமை. இவை ரஹ்மத். ஆனால் இந்தச் சலுகைக்குச் சொந்தக்காரர் யார்?

உஹதுக்குப் படை புறப்பட்டபோது, காலில் கடும் ஊனமிருந்த அம்ரு இப்னு ஜமூஹ் (றழி) தாமும் வருவதாகக் கூறினார். அவருடைய புதல்வர்கள் தடுத்தார்கள். அல்லாஹ்வே உங்களுக்கு விலக்களித்திருக்கிறான், நீங்கள் ஏன் வரவேண்டும் என்பது அவர்களது வாதம். அவர் நபியவர்களிடம் (ஸல்) சென்று முறையிட்டார். உமக்கு விலக்கு உண்டு என்று அவரிடமும், அவரைத் தடுக்காதீர்கள் என்று புதல்வர்களிடமும் நபியவர்கள் கூறியதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அவர் சென்றார், ஷஹீதானார்.

இச்சம்பவத்தைச் சிறுவயது முதல் கேட்டு வந்திருக்கிறேன். வீரத்தின் கதையாகவே கேட்டேன். இப்போதுதான் அது இன்னொன்றையும் சொல்வது தெரிகிறது. விலக்கு அம்ருவின் கையில் இருக்கிறது. புதல்வர்கள் கையில் இல்லை. அவர் அதை எடுக்கலாம், விடலாம். அவர்கள் அதை எடுத்து அவருக்கு முன்னே வேலியாக நடக்கூடாது. அந்தப் புதல்வர்களும் அன்பினால்தான் தடுத்தார்கள். என்னைப் போல.

இன்னொன்று. ஹஜ்ஜின்போது உம்மு ஸலமா (றழி) சுகவீனமுற்றிருந்தார்கள். தவாபுக்கு வரவேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. வாகனத்தில் ஏறி, மக்களுக்குப் பின்னால் தவாபு செய்யும்படி வழிகாட்டப்பட்டார்கள். இன்று மக்காவில் சக்கர நாற்காலிகளுக்கென்று தனிப்பாதை இருக்கிறதென்றால், அதன் வேர் இங்கேதான் உள்ளது.

ஆனால் நமது ஊர்களில் நடப்பது என்ன? ஒரு பள்ளிவாசலுக்கு மூன்று படிகள். மொத்தம் ஒன்றரை அடி உயரம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கு உலகெங்கும் பழகிவந்த கணக்கு. அதன்படி பதினெட்டு அடிச் சீமெந்துத் தளம் போதும். அதைப் பற்றிப் பேச்செழுந்தபோது ஒரு பெரியவர் சொன்னார்: "அவருக்கு ஊட்டுல தொழச் சலுகை இரிக்கிதானே." சபை தலையாட்டியது. நானும் அங்கே இருந்தேன், நானும் தலையாட்டினேன். பதினெட்டு அடிச் சீமெந்தை மிச்சம் பிடிக்க அல்லாஹ்வின் ரஹ்மத்தை எடுத்துக்கொண்டோம். காக்காவுக்குரிய சலுகையை நாங்கள் அனுபவித்தோம்.

தூக்கிச் செல்வது பற்றியும் சொல்லவேண்டும். ஒருமுறை குடும்பமாக ஓர் ஊருக்குப் போனபோது, களப்பில் படகோட்டும் துறையொன்றில் இறங்கினோம். படகுக்கு ஏறும் வழியில்லை. நான்கு இளைஞர்கள் ஓடிவந்து காக்காவை நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தார்கள். தங்கமான பிள்ளைகள். ஒருவர் அதைப் படமும் எடுத்தார். காக்கா சிரித்தபடியே இருந்தார். இரவு படுக்கைக்கு மாற்றும்போது சொன்னார்: "சந்தூக்குல போற நாள்ல நாலு பேர் தூக்கினாப் போதும் தம்பி."

நன்றியுணர்வில்லாத பேச்சன்று அது. உதவி என்பது ஒருவர் கேட்டு மற்றவர் கொடுப்பது. வழி என்பது எவரையும் கேளாமல் போகக்கூடியது. நாம் வழியைக் கட்டாமல் விட்டுவிட்டு, உதவி செய்த நன்மையையும் எழுதிக்கொள்கிறோம்.

*

உல்லாசக் கப்பலைப் பற்றி நிந்தவூரில் இருந்துகொண்டு எழுதுவதா, நமக்கு வேறு பிரச்சினை இல்லையா என்று வாசகர் கேட்கலாம். தெற்கே ஒலுவிலில் 2013 செப்டம்பரில் துறைமுகம் திறந்தார்கள். உல்லாசக் கப்பல் வரவில்லை. துறைமுக வாயிலை மணல் அடைத்தது, எங்கள் கரையைக் கடல் தின்றது. தென்னைகள் வேரோடு சாய்ந்ததைக் கண்டவர்களுக்குக் கப்பற் குளியலறையின் கதவடி அற்பமாகத் தோன்றக்கூடும்.

ஆனால் உல்லாசம் என்பதனாலேயே இக்கேள்வி கூர்மையடைகிறது. ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் சாய்தளம் வேண்டும் என்றால் எவரும் மறுக்கமாட்டார், அவை 'தேவை'. நடக்கும் மனிதன் கடற்கரைக்குப் போனால் எதற்கு என்று நாம் கேட்பதில்லை. காற்று வாங்கப் போகிறான் என்று விட்டுவிடுகிறோம். சக்கர நாற்காலியில் இருப்பவர் வெளியே கிளம்பினால் மட்டும் காரணம் கேட்கிறோம். மருந்தா? வங்கியா? இல்லையென்றால் என்னத்துக்கு? காரணமில்லாமல் சந்தோஷமாக இருக்கும் உரிமையை அவரிடமிருந்து நாம் சத்தமில்லாமல் பறித்து வைத்திருக்கிறோம்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டிடங்களில் நுழைவதற்கான வசதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளிவந்தன. மரமொன்று விழுந்ததால் நடமாட்டத்தை இழந்த கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், புதிய பொதுக் கட்டிடங்கள் இவ்விதிகளைப் பின்பற்றியாக வேண்டும் என்று 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அதில் போக்குவரத்தும் அடங்கும். ஒரு மனிதர் சக்கர நாற்காலியில் இருந்தபடி உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறார். எங்கள் ஊர் மூன்று படிகளோ அப்படியே இருக்கின்றன. சட்டம் கல்லைப் பெயர்க்கலாம். சபையில் ஆடிய தலையை என்ன செய்யும்?

*

2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் படகுச்சேவை ஆரம்பித்தது. பருவக்காற்றினால் சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் வேறொரு கப்பலோடு மீண்டும் தொடங்கியது. நாகபட்டினத்தில் இறங்கினால் நாகூர் பக்கத்தில். காக்கா அச்செய்திகளையும் வாசித்திருப்பார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒருமுறை கேட்டுப் பெற்ற பதில் அவருக்குப் போதுமாக இருந்திருக்கும்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய கிழமை நானாகவே அவரிடம் போனேன். கப்பற் பயணம் போவதென்றால் எதையெதை விசாரிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஏறும் பலகையின் சரிவு, கதவின் அகலம், கதவடியின் உயரம், கழிப்பறை, அவசர நேரத்தில் பொறுப்பானவர் யார். முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் கேட்பது. தாளை அவரிடம் கொடுத்து, "காக்கா, போவமா?" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். கழிப்பறை என்ற சொல்லின் கீழ் நகத்தால் ஒரு கோடு இழுத்தார். பிறகு தலையை நிமிர்த்திக் காற்றைப் பார்த்தார், தோணிக்காரர்கள் பார்ப்பது போல.

"இப்ப வேணாம் தம்பி. மாரிக் கடல் பொல்லாதது. தை கழியட்டும், பாப்பம்" என்றார்.

தாளை என்னிடம் திருப்பித் தரவில்லை. நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.